ஷெர்கர் பங்குக்கான இழப்பீடு: மூன்றாவது புகார் கடிதம்

1984 மார்ச்

மதிப்பிற்குரிய இழப்பீட்டுப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் இரண்டு கடிதத்துக்கும் "பரிசீலனையில் உள்ளது" என்று அச்சடித்த அட்டைதான் வந்தது. பாலிசி உங்கள் கோப்பில் இருக்கிறது, அதைத் திரும்ப எழுதவில்லை.

பந்தயக் குதிரை ஷெர்கரின் 40 பங்கில் ஒன்று என்னுடையது. விலை 2,50,000 பவுண்டு, பெரும்பகுதி வங்கிக் கடன். 1983 பிப்ரவரி 8 இரவு அயர்லாந்தின் பாலிமேனி குதிரைப் பண்ணையில் துப்பாக்கியைக் காட்டிக் குதிரையைக் கொண்டுபோனார்கள். வருஷம் ஒன்று ஓடிவிட்டது.

போன மாதம் டப்ளினில் கப்பல் ஏறி, ஹோலிஹெட்டில் ரயில் பிடித்து, உங்கள் லண்டன் அலுவலகத்துக்கு வந்தேன். மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். அப்புறம் ஒரு இளைஞர், தலையைக்கூட நிமிர்த்தாமல், "செத்தால்தான் பணம். உடலைக் கொண்டுவாருங்கள்" என்றார். நான் எதையோ ஒளித்துவைத்திருப்பது போல! அயர்லாந்து போலீசே ஊர் ஊராகத் தேடியும் கிடைக்காத உடலை நான் எங்கே போய்த் தோண்டுவது? "எங்காவது நன்றாக மேய்ந்துகொண்டிருக்கும்" என்று வேறு சொன்னார். அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும். பணத்துக்கு முன்னால் அது.

கடத்தியவர்கள் செய்தித்தாளோடு சேர்த்து எடுத்த குதிரையின் போட்டோ இருக்கிறதே, அது உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சியாம். குதிரையை விட 20 லட்சம் பவுண்டு கேட்ட அவர்கள் நாலே நாளில் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கையில் உயிரோடு குதிரை இருந்தால் எவன் நிறுத்துவான்?

திருட்டுக்கும் சேர்த்துக் காப்பீடு எடுத்தவர்கள் பணம் வாங்கிவிட்டார்கள். நானும் கேட்டேனே! நெற்றியில் வெள்ளைப் பட்டை, நாலு காலும் வெள்ளை, இவ்வளவு தெரிந்த குதிரையை யார் திருடப்போகிறார்கள் என்று தடுத்தது உங்கள் ஏஜெண்டுதான்.

இங்கிலாந்தின் பெரிய குதிரைப் பந்தயமான எப்சம் டெர்பியில், 1981-ல், 10 குதிரை நீளம் முந்தி வந்தவன் அவன். 200 வருஷ டெர்பியில் அப்படி எந்தக் குதிரையும் ஜெயித்ததில்லை. ஒரே ஒரு பருவம்தான் பொலிக்கு நின்றான். அவனை நம்பியிருந்த என் பெண் குதிரை இரண்டு வருஷமாகச் சினையில்லாமல் நிற்கிறது. என் குடும்பமே அழிந்துவிட்டது ஐயா.

தயவுசெய்து 14 நாளுக்குள் முடிவை எழுத்தில் கொடுங்கள். சண்டை போட எனக்கு விருப்பமில்லை. பதில் வராவிட்டால் வழக்கறிஞர் நோட்டீஸ் வரும், இந்தக் கடிதத்தின் நகல் டப்ளின், லண்டன் பத்திரிகைகளுக்கும் போகும். பயணச் செலவு ரசீதுகளை இணைத்திருக்கிறேன், அதையும் சேர்த்துத் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஷெர்கர் பங்குதாரர், கில்டேர்