நாசிமோவாவின் படத்தை அவர் பெயரோடும் அவர் வேகத்தோடும் வெளியிடுங்கள்

பழைய மௌனப்படங்களை இணையத்தில் மறுவெளியீடு செய்துவரும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். சென்ற மாதம் 'சலோமி' (1923) படத்தை "60 பிரேம், முழு வண்ணம், புத்தம்புதுத் தெளிவு" என்ற விளம்பரத்தோடு வெளியிட்டீர்கள் (பிரேம் என்பது சுருளில் உள்ள ஒவ்வொரு தனிப்படம், 60 என்பது நொடிக்கு). படக்குறிப்பில் இயக்கம் சார்லஸ் பிரையன்ட். தயாரிப்பு என்ற இடம் காலி. ஆலா நாசிமோவா நடிகர் பட்டியலில் மட்டும் இருக்கிறார். அதற்கு முன்பு போட்ட 'கமீல்' (1921) படத்துக்கு "வாலன்டினோ நடித்த காதல் படம்" என்று தலைப்பு. படத்தின் நாயகியும் தயாரிப்பாளரும் நாசிமோவாதான் என்பதற்கு அங்கே தடயமே இல்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். இந்தப் படங்களை எடுத்த வேகத்தில், ஓரம் வெட்டாத முழுச் சட்டகத்தோடு, தயாரிப்பாளர் பெயரைப் போட்டு மறுபடி வெளியிடுங்கள்.

நாசிமோவா யார் என்று உங்களுக்கு நாங்கள் சொல்லவேண்டியதில்லை. 1879-இல் யால்டாவில் பிறந்தவர். மாஸ்கோவில் நெமிரோவிச்-தான்சென்கோவிடம் நாடகம் பயின்றவர். 1905-இல் ருஷ்ய நடிகர் ஓர்லெனெவின் குழுவோடு நியூயார்க் வந்து, மறுவருடமே ஆங்கிலம் கற்றுக்கொண்டு இப்சன் நாடகத்தில் மேடையேறியவர். பிறகு மெட்ரோ என்ற பட நிறுவனத்தில் வாரம் 13,000 டாலர் சம்பளம். அந்தச் சம்பளத்தோடு நின்றிருந்தால் நீங்கள் போட்ட நடிகர் பட்டியலே போதும். அவர் நிற்கவில்லை. சொந்தப் பெயரில் தயாரிப்பு நிறுவனம் வைத்தார். 'சலோமி'க்கு மூன்றரை லட்சம் டாலருக்கு மேல் செலவானதாகச் சொல்வார்கள். போட்ட பணம் திரும்பவில்லை. நஷ்டம் அவர் தலையில் விழுந்தது, பெயர் மட்டும் எப்படியோ விழுந்துபோனது.

இயக்குநர் பெயரை மாற்றச் சொல்லவில்லை. டைட்டிலில் இருப்பது பிரையன்டின் பெயர்தான். இயக்கத்தின் பெரும்பகுதி நாசிமோவாவுடையது என்று திரைப்பட வரலாற்றாளர் பலர் எழுதியிருப்பதை ஒரு வரி சேர்த்தால் போதும். இன்னொன்று. திரைக்கதைக்குப் பீட்டர் எம். வின்டர்ஸ் என்பவருக்குத் தனிப் பக்கமே திறந்து, "பிறந்த தேதி கிடைக்கவில்லை" என்று போட்டிருக்கிறீர்கள். கிடைக்காதுதான். அது ஒரு பெண் வைத்துக்கொண்ட புனைபெயர்.

இனி வேகம். எங்களை எழுத வைத்தது இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஓர் அடிக்கு 16 பிரேம். ஆயிரம் அடி ரீலில் 16,000 பிரேம். நொடிக்கு 18 பிரேம் ஓட்டினால் அந்த ரீல் 14 நிமிடம் 49 நொடி ஓடும். 20 என்றால் 13 நிமிடம் 20 நொடி. 24 என்றால் 11 நிமிடம் 7 நொடி. 24 என்ற கணக்கு பேசும்படம் வந்தபிறகு நிலைத்தது. அதற்கு முன் கேமராவைக் கையால்தான் சுற்றினார்கள், காட்சிக்குக் காட்சி வேகம் மாறும். உங்கள் ஆட்கள் ஸ்கேன் செய்த பிரேம்களை அப்படியே 24-இல் கோத்திருக்கிறார்கள். 20-இல் எடுத்த காட்சியை 24-இல் ஓட்டினால் ஒரு நிமிட நடை 50 நொடியில் முடிந்துவிடும். மௌனப்படம் என்றாலே எல்லோரும் விறுவிறுவென்று ஓடுவார்கள் என்ற நினைப்பு இப்படித்தான் பரவியது.

அந்தக் காலத்து ஆபரேட்டர்களே வேகமாக ஓட்டினார்களே என்று கேட்பீர்கள். ஓட்டினார்கள், உண்மை. அதனால்தான் ஒரே எண்ணை எல்லா ரீலுக்கும் வைக்காதீர்கள் என்கிறோம். ஒருவர் படியிறங்கும் இடத்தையோ, நழுவும் துணி தரையைத் தொடும் இடத்தையோ எடுத்து 18, 20, 22 மூன்றிலும் ஓட்டிப் பாருங்கள். உடம்பின் கனம் எதில் சரியாகத் தெரிகிறதோ அதை வையுங்கள். டைட்டில் அட்டையை நிதானமாக ஒருமுறை படிக்க நேரம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

24-இல் கோத்ததை அப்புறம் கணினியிடம் கொடுத்து 60 ஆக்கியிருக்கிறீர்கள். 24-ஐ 60-க்குள் அடக்கினால் திரையில் வரும் ஐந்து பிரேமில் ஒன்றுதான் கேமரா எடுத்தது. மீதி நான்கும் கணினி ஊகித்து வரைந்தவை. இதன் பலனைப் பார்க்க, நாசிமோவா தலையில் குமிழ்குமிழாய் வெண்மணிகள் செருகிய பொய்முடியோடு வரும் காட்சியை ஓட்டுங்கள். அவர் தலையை லேசாகத் திருப்பினாலே ஒவ்வொரு மணியும் தனியாக நடுங்கவேண்டும். நாயகி சலோமியின் பிடிவாதமும் எரிச்சலும் முகத்துக்கு வருமுன் அந்த மணிகளில் வந்துவிடும். உங்கள் பிரதியில் பக்கத்துப் பக்கத்து மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி, இழுபட்டு, மறுபடி பிரிகின்றன. சோப்பு நுரையைத் தலையில் கவிழ்த்தது போலிருக்கிறது. நாற்பதைத் தாண்டிய நடிகை ஒருவர், சிறுபெண்ணாகத் தோன்றத் தன் ஒவ்வொரு அசைவையும் அளந்து நடித்த படம் இது. அந்த அளவைத்தான் அழித்திருக்கிறீர்கள்.

செய்யவேண்டியது இதைவிட எளிது. 20 பிரேம் காட்சியை 60-இல் தரவேண்டுமா, ஒவ்வொரு பிரேமையும் மூன்றுமுறை காட்டுங்கள். 24-இல் தரவேண்டுமா, ஒவ்வொரு ஐந்தாவது பிரேமையும் இருமுறை காட்டுங்கள். 18-ஐ 24-இல் தர, ஒவ்வொரு மூன்றாவது பிரேமையும். புதிதாக எதையும் வரையவேண்டாம்.

சட்டகமும் வெட்டுப்பட்டிருக்கிறது. மௌனப்படத்தில் படிமம் சுருளின் இரு ஓரத்துத் துளைவரிசைகளுக்கும் நடுவே முழு அகலத்துக்கும் இருக்கும். பேசும்படத்தில் இடப்பக்கம் இரண்டரை மில்லிமீட்டர் போல ஒலிப்பட்டைக்குப் போய்விடும். பேசும்படத்துக்கான கேட்டில் (ஸ்கேனரில் சுருள் நின்று போகும் சாளரம்) வைத்து ஸ்கேன் செய்தால் இடது ஓரம் காணாமல் போய், நடுவில் நிற்கவேண்டியவர் ஒருபக்கம் ஒதுங்கி நிற்பார். உங்கள் பிரதியில் ஒதுங்கித்தான் நிற்கிறார்கள்.

வண்ணத்தைப் பற்றி என்ன சொல்ல? நடாஷா ராம்போவா அந்த அரங்கையும் உடைகளையும் ஆங்கில ஓவியர் ஆப்ரி பியர்ட்ஸ்லியின் கறுப்பு மை ஓவியங்களைப் பார்த்து அமைத்தார். கறுப்பும் வெள்ளையும் அங்கே பற்றாக்குறையால் வந்தவை அல்ல. அதன்மேல் ரோஜா நிறத்தைப் பூசியிருக்கிறது உங்கள் கணினி. படத்தின் கீழே நாசிமோவாவின் சன்செட் பூலவார்டு வீட்டு விருந்துகள் பற்றி நாலு பத்தி, நீச்சல்குளம் கருங்கடல் வடிவத்தில் இருந்ததா என்று ஒரு பத்தி. அந்த இடத்தை 1959-இலேயே இடித்துவிட்டார்கள் ஐயா. படம் இன்னும் இருக்கிறது, அதைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கலாம்.

இருப்பதே கொஞ்சம் என்பதால்தான் இத்தனை ஆதங்கம். நாசிமோவாவின் முதல் படம் 'வார் பிரைட்ஸ்' (1916) இன்று இல்லை. அவரே தயாரித்த 'எ டால்ஸ் ஹவுஸ்' (1922) இல்லை. அமெரிக்காவில் எடுத்த முழுநீள மௌனப்படங்களில் 14 சதவீதம்தான் முதலில் வெளியான வடிவிலேயே தப்பியிருக்கின்றன என்று அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் 2013-இல் கணக்கிட்டது. 'சலோமி' தப்பியது. 2000-இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் சேர்த்தார்கள். படம் பொதுவுடைமை, யாரும் எப்படியும் வெளியிடலாம் என்பது சட்டம். அதில் எங்களுக்குச் சண்டையில்லை. ஆனால் தேடுபவர் கண்ணில் முதலில் படுவது உங்கள் பிரதி. நல்ல பிரதி பத்தாம் பக்கத்தில் கிடக்கிறது.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டோம், மன்னிக்கவும். மறுபடி கேட்கிறோம்: எடுத்த வேகம், முழுச் சட்டகம், தயாரிப்பு ஆலா நாசிமோவா என்று ஒரு வரி. எந்தக் காப்பகத்தின் பிரின்டிலிருந்து எடுத்தது, எந்த ரீலுக்கு எந்த வேகம் என்பதையும் குறிப்பில் போட்டால் நன்றியுள்ளவர்களாக இருப்போம். பெயரைச் சேர்க்க ஸ்கேனும் வேண்டாம், செலவும் இல்லை, இன்றைக்கே செய்யலாம். வேகத்துக்கும் உங்களிடம் உள்ள ஸ்கேன் கோப்பே போதும். சட்டகத்துக்கு மட்டும் சுருளை மீண்டும் கேட்டில் ஏற்றவேண்டியிருக்கும். அதுவரை அந்த 60 பிரேம் வண்ணப் பிரதியை, "கணினி மாற்றியமைத்தது" என்று தலைப்பிலேயே தெரியும்படி குறித்து வையுங்கள்.

இப்படிக்கு,
மௌனப்பட ஆர்வலர்கள் சிலர்