உறுமியைச் சரிசெய்து கொடுத்த அண்ணனுக்கு நன்றி

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. ஊர்வலம் கிளம்பும் நேரத்தில் உறுமி மேளத்தின் கயிறு தளர்ந்து, தோல் தொய்ந்துவிட்டது. கூட்டத்திலிருந்து வந்த நீங்கள் பேர்கூடச் சொல்லாமல் தரையில் உட்கார்ந்து, கயிற்றை ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டினீர்கள். அப்புறம் வளைந்த குச்சியால் இடப்பக்கத் தோலைத் தேய்த்தீர்கள். அந்த உறுமல் திரும்பி வந்தது!

தோட்டத்தில் பால்மரம் எனும் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியாகி, இன்று ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். எங்களை ஒன்றாக நிற்க வைப்பது இந்த மேளம்தான். அப்பா போனதிலிருந்து வாசல் தாண்டாத என் அம்மா, அன்று கைதட்டிக்கொண்டே கோயில்வரை நடந்தார். இரவு நன்றாகத் தூங்கவும் செய்தார்.

ரொம்ப நன்றி அண்ணே. அடுத்த திருவிழாவுக்குக் கட்டாயம் வாருங்கள், அன்னதானத்தில் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.