மலேசியாவின் சுங்கை சிப்புட் நேரடி விற்பனை முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தம்பி தங்கைகளே, வணக்கம்.

நீங்கள் விற்கும் ஆரஞ்சு வாசனைத் தூளைப் பற்றித்தான் எழுதுகிறேன். 'எஸ்.ஓ.டி. என்சைம், எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும், மறைவிடத்து மரு உதிர்ந்துவிடும்' என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு சுற்றுகிறது. வீட்டில் சொல்லக் கூச்சப்படும் பிள்ளைகள் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) காசைக் கொட்டி வாங்குகிறார்கள்.

எஸ்.ஓ.டி., அதாவது சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், பொய்யில்லை. நம் செல்களுக்குள்ளேயே இருக்கும் நொதி (என்சைம்) அது. செல்லைச் சேதப்படுத்தும் சூப்பராக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும். அதைக் கேட்டலேஸ் என்ற நொதி தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடும். மரு உள்ளவர்களின் ரத்தத்தில், சேதப்படுத்தும் பொருள்களுக்கும் இந்த நொதிகளுக்கும் உள்ள சமநிலை குலைந்திருப்பதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. அங்கிருந்து 'தூளைக் குடி, மரு போகும்' என்று ஒரே தாவாகத் தாவிவிட்டீர்கள். நொதி என்பது புரதம். வயிற்றுக்குள் போனால் அவித்த முட்டை மாதிரி அதுவும் செரித்துவிடும்.

'குடித்தவருக்குப் போனதே' என்பீர்கள். போகும். பலருக்கு மரு சில மாதங்களில் தானாகவே மறையும், பேர் தூளுக்கு. மறையாதவர்கள் வாய் திறப்பதில்லை, உங்களுக்கு வசதி.

எதிர்ப்புச் சக்தியை வைத்து மருவை விரட்டும் சிகிச்சை உண்மையிலேயே இருக்கிறது. இமிக்விமோட் களிம்பை வாரம் மூன்று இரவு பூசி, காலையில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். 16 வாரம் வரை போகும். தோல் சிவந்து எரியும், அந்த இடத்துக்கு எதிர்ப்பு அணுக்கள் வந்துவிட்டன என்று அர்த்தம். கர்ப்பிணிகளுக்கு அந்தக் களிம்பு வேண்டாம் என்பார்கள். வேறு வழிகளும் உண்டு. மருவைத் திரவ நைட்ரஜனால் உறைய வைப்பார்கள். சில நிபுணர்கள் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) தடுப்பூசி மருந்தை மருவுக்குள்ளேயே செலுத்திப் பார்க்கிறார்கள். எதைச் செய்தாலும் மரு திரும்ப வரலாம் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்வார். நீங்கள் சொல்வதில்லை.

'விட்டால் புற்றுநோய்' என்ற மிரட்டலையும் நிறுத்துங்கள். பத்தில் ஒன்பது மறைவிட மருவுக்குக் காரணம், பாலுறவில் தொற்றும் எச்.பி.வி. வைரஸின் 6, 11 வகைகள். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் 16, 18. அதற்காகத்தான் 2010 முதல் பள்ளியில் மாணவிகளுக்கு இலவசத் தடுப்பூசி. ஆனால் வந்துவிட்ட மருவை அந்த ஊசி போக்காது.

பால்வினை நோய்க்கு மருந்து என்று விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டம் தடுக்கிறது. குரல் பதிவும் விளம்பரம்தான்.

தோட்டத்து டிரெசராக (மருத்துவ உதவியாளராக) இருந்தபோது, மருவில் சுண்ணாம்பு வைத்துப் புண்ணாக்கிக்கொண்டு வந்தவர்களுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். அப்போது சுண்ணாம்பாவது மலிவு. இனி யாராவது மருவுக்கு என்று கேட்டால் அரசாங்க கிளினிக்குக்கு அனுப்புங்கள், ஒரு ரிங்கிட்தான். உடைக்காத பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தால், முகம் சுளிக்காமல் பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத்து டிரெசர்