ஞாயிறு காலை தண்ணீர்த் தொட்டிகளில் கொசுப்புழு மருந்து

அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு மொட்டைமாடித் தொட்டிகளிலும் பின்பக்கக் கிணற்றிலும் டெமிஃபாஸ் என்ற கொசுப்புழு மருந்து ஊற்றப்படும். சென்னையில் மலேரியா பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்ற கொசு சாக்கடையைத் தேடாது. நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

1. குடிக்க, சமைக்கத் தேவையான தண்ணீரைச் சனி இரவே பிடித்து வையுங்கள்.

2. 1,000 லிட்டர் தண்ணீருக்கு 50% செறிவுள்ள மருந்து 2 மி.லி. மட்டும். உள்ளே இருக்கும் தண்ணீருக்குத்தான் கணக்கு, தொட்டியின் கொள்ளளவுக்கு அல்ல. பாதித் தொட்டியில் முழு அளவு விட்டால் இரு மடங்காகிவிடும். மாநகராட்சிப் பணியாளர்தான் ஊற்றுவார். தயவுசெய்து கடையில் வாங்கி நீங்களே ஊற்றாதீர்கள்.

3. மூடியில் விரிசல் இருந்தால் அடையுங்கள். ஓவர்ஃப்ளோ குழாய் வாயில் கொசுவலைத் துணி கட்டுங்கள், பலரும் விட்டுவிடுவது இதைத்தான். மருந்தை மட்டும் நம்ப முடியாது: தினமும் தண்ணீர் ஏறி இறங்க அது நீர்த்துவிடும். அதன்பின் கொசு உள்ளே புகுந்து முட்டையிட்டால், முட்டை ஏழெட்டு நாளில் கொசுவாகிவிடும்.

4. தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். புழு நீர்மட்டத்தோடு படுத்துக் கிடந்தால் அனாபிலிஸ். தலைகீழாகத் தொங்கினால் வேறு கொசு. படம் எடுத்து இங்கே போடுங்கள்.

5. புகை அடித்தால் போதாதா என்று கேட்டவர்களுக்கு: புகை பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும், தண்ணீரில் உள்ள புழுவைத் தொடாது.

மாடிச் சாவி வைத்திருப்பவர்கள் பிளாக், வீட்டு எண்ணுடன் வெள்ளி மாலைக்குள் பதில் போடுங்கள்.