கார்டு மாட்டியாச்சு, தம்பி

குடியாத்தம்
பங்குனி 18

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்தைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம். பழைய ரூம் விலாசத்துக்கே அனுப்புகிறேன். இன்னும் அங்கேதானே இருக்கிறாய்?

நீ வீட்டு விலாசத்துக்கு ஆர்டர் போட்ட கிராபிக்ஸ் கார்டுப் பெட்டி ஐப்பசியிலிருந்து பீரோ மேலேயே இருந்தது. தீபாவளிக்கு வந்து நானே மாட்டிக்கிறேன், யாரும் தொடாதீங்க என்றாய். தீபாவளி போயிற்று, பொங்கலும் போயிற்று. அம்மா வாரா வாரம் அதைத் துடைத்துத் துடைத்து அங்கேயே வைப்பாள். "இன்னா பண்றான்னே தெரியலியே" என்பாள். போன வெள்ளிக்கிழமை நான் இறக்கிப் பிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. கார்டை உன் கம்ப்யூட்டரில் மாட்டியும் ஆயிற்று.

முதலில் லோடு பார்த்தேன். 34 வருஷம் கம்பம் ஏறியவனுக்கு வேறு எது முதலில் தோன்றும்? உன் பழைய கார்டு 1050 டி.ஐ. 75 வாட்தான். அதை மதர்போர்டில் கார்டு உட்காருகிற ஸ்லாட்டே கொடுத்துவிடும், அதனால்தான் அதற்குத் தனி ஒயர் கிடையாது. இந்தப் புது கார்டு, ஆர்.டி.எக்ஸ். 3060, இழுப்பது 170 வாட். 12 வோல்ட்டால் வகுத்துப் பார், 14 ஆம்பியர் வருகிறது. நம் வீட்டு அயர்ன் பாக்ஸ் 1000 வாட், அதுவே நாலரை ஆம்பியரைத் தாண்டாது. கார்டுப் பெட்டியில் 550 வாட் எஸ்.எம்.பி.எஸ்., அதாவது பவர் சப்ளை, வேண்டும் என்று போட்டிருக்கிறது. உன் கேபினெட்டில் இருப்பதோ 450. எஸ்.எம்.பி.எஸ். விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது தம்பி. மற்றதெல்லாம் கெட்டால் தனியாகக் கெடும். சப்ளை கெட்டால் கூட இருப்பதையும் சேர்த்துக்கொண்டு போகும்.

அதனால் பஸ் பிடித்து வேலூருக்குப் போய் 550 வாட்டில் ஒன்று வாங்கினேன். கடையில் இருந்த பையனுக்கு உன்னைவிடப் பத்து வயது குறைவு இருக்கும். என்ன கார்டு என்று கேட்டான், சொன்னேன். "12 ஜி.பி. மெமரியா சார்? கேம் ஆடறவங்களுக்கு அவ்ளோ தேவைப்படாது. பிளெண்டர்ல படம் செய்றவங்கதான் இதைத் தேடி வாங்குவாங்க, சீன் மொத்தமும் கார்டுக்குள்ள அடங்கணும்ல" என்றான். பிளெண்டர் என்றால் என்னவென்று கேட்டேன். அவனுடைய கம்ப்யூட்டரிலேயே திறந்து காட்டினான். திரையில் ஒரு சதுரக் கட்டி நின்றது. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நீ ராத்திரியெல்லாம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அதே கட்டி.

பஸ்ஸில் திரும்பும்போது அதே யோசனை. பெங்களூரில் இருக்கிற பையன் இதைக் குடியாத்தத்து வீட்டுக்கு எதற்கு வாங்கினான்? இரண்டு நாள் லீவுக்கு வருகிறவன் வாங்குகிற சாமான் இல்லையே. உன் வேலையைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. தெருக்கோடி வீட்டுப் பையன் மாசியிலேயே வந்துவிட்டான், மாடியில் உட்கார்ந்து ஏதோ செய்கிறான், சாயங்காலம் அவன் அப்பாவோடு நடந்து போகிறான். யாரும் அவனை ஒரு வார்த்தை கேட்டதில்லை. சும்மா சொன்னேன். ராத்திரி மூன்று மணிக்கு உன் வாட்ஸ்அப்பில் 'ஆன்லைன்' என்று காட்டுகிறது என்று அக்கா சொல்கிறாள். தூங்கு. நேரத்துக்குச் சாப்பிடு.

சனிக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். முந்தின நாளே எர்த் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு வோல்ட்டுக்குள்தான் காட்டியது. கேபினெட் தகரத்தைத் தொட்டுக்கொண்டேதான் கார்டில் கை வைத்தேன். வெறும் உடம்பில் இருக்கிற மின்சாரமே சிப்பைச் சாகடிக்கும். புது சப்ளையில் இரண்டு விதமான எட்டு பின் ஒயர் இருக்கிறது, பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஒன்று சி.பி.யு. என்கிற பிராசஸருக்கு, அது நாலு நாலாகப் பிரியும். கார்டுக்கு உள்ளது ஆறும் இரண்டுமாகப் பிரியும். ஒன்றில் 12 வோல்ட் வருகிற இடம் மற்றதில் கிரவுண்டு. போகாததை அழுத்தக் கூடாது, ஞாபகம் வைத்துக்கொள். பழைய கார்டைக் கழற்றும்போது ஸ்லாட்டின் ஓரத்தில் ஒரு சின்னப் பூட்டு இருக்கும், அதை அமுக்கிப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். அமுக்காமல் இழுத்தால் உடைந்துவிடும். அது எனக்கு எப்படித் தெரியும் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

புது கார்டு 'டக்' என்று உட்கார்ந்தது. இரண்டு ஸ்க்ரூவும் முடுக்கி, ஒயர் மாட்டி, சுவிட்ச் போட்டேன். மின்விசிறி எல்லாம் ஓடுகிறது, மானிட்டர் மட்டும் கருப்பு. கழற்றி மாட்டினேன், கருப்பு. மறுபடியும் மாட்டினேன், அப்போதும் கருப்பு. பையன் ஆசையாக வாங்கினதைச் சாகடித்துவிட்டோமே என்று கை நடுங்கிவிட்டது. அம்மா வாசலில் நின்று என்ன ஆச்சு என்றாள். "கார்டு போயிடுச்சு" என்றேன்.

அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததும் எனக்கு அடுத்து ஒன்றும் ஓடவில்லை தம்பி. ஏனென்றால் அதே வார்த்தையை இதே வீட்டில் உன்னிடம் சொல்லியிருக்கிறேன்.

2010 தை மாதம். பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. மாமா சென்னை ரிச்சி தெருவில் வாங்கி வந்த 9500 ஜி.டி. கார்டு, திருவிழாக் காசு தாத்தா காசு எல்லாம் சேர்த்து நீ வாங்கச் சொன்னது. வேலூர்க் கோட்டையை அதில் கட்டிக்கொண்டிருந்தாய். அகழித் தண்ணி அசையணும்ப்பா, அதில் மதில் தெரியணும்ப்பா என்பாய். நீ ஸ்பெஷல் கிளாஸுக்குப் போயிருந்தபோது அதைக் கழற்றினது நான்தான். பூட்டை அமுக்கத் தெரியாமல் இழுத்து உடைத்தேன். நீ வந்து கேட்டாய். வோல்டேஜ் ஏறி கார்டு போயிடுச்சு என்றேன். ஈ.பி.காரன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாய்? சர்வீஸுக்குக் கொடுக்கலாம்ப்பா என்று அழுதாய். காட்பாடியில் காட்டினேன், தேறாதாம் என்று அதற்கும் ஒரு பொய் சொன்னேன். எங்கேயும் காட்டவில்லை. என் டிரங்குப் பெட்டியில், சர்வீஸ் ரெக்கார்டுக்குக் கீழே, பேப்பர் சுற்றி இன்றுவரை இருக்கிறது. அம்மாவுக்கும் தெரியாது.

நீ 1,094 மார்க் எடுத்தாய். என் பையனை நான் படிக்கவைத்தேன் என்று தெரு முழுக்கச் சொன்னேன். விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிப்பில் சேரட்டுமா என்று ஒரே ஒரு தடவை கேட்டாய், அது சோறு போடுமா என்றேன். அதற்கப்புறம் நீ என்னிடம் எதுவும் கேட்டதில்லை. பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். கேட்டால் பயனில்லை என்று நீ விட்டுவிட்டாய் என்பது சனிக்கிழமை, அந்தக் கருப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைப் பையனுக்குப் போன் போட்டேன். மானிட்டர் ஒயரை எங்கே சொருகியிருக்கிறீர்கள் என்றான். மதர்போர்டில் இருக்கிற எச்.டி.எம்.ஐ.யில் சொருகியிருந்தேன். உன் ரைசன் 1600 பிராசஸரில் படம் காட்டுகிற பகுதியே இல்லையாம், கார்டின் பின்பக்கம்தான் சொருக வேண்டுமாம். மாற்றிச் சொருகியதும் வெளிச்சம் வந்தது. அம்மா கற்பூரம் ஏற்றிவிட்டாள்.

எஸ்.எம்.பி.எஸ். 550 வாட், எழுதினேன் அல்லவா? இந்த ஊர் வெயிலுக்கு கேபினெட்டைச் சுவரோரம் தள்ளிவைக்காதே, காற்று வெளியே போக வேண்டும். மேஜையை ஜன்னல் பக்கம் மாற்றியிருக்கிறேன், அந்த அறைக்குத் தனி லைனும் இழுத்துவிட்டேன். வைகாசி 1 நம் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. நீ சின்னவனாக இருந்தபோதெல்லாம் சிரசன்று எனக்கு லைன் டூட்டி, மாமாதான் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார். இந்த வருஷம் நான் சும்மாதான் இருக்கிறேன். அம்மா முள்ளுக்கத்திரிக்காய்க் குழம்பு வைக்கிற நாளெல்லாம் உனக்கும் சேர்த்தே வைக்கிறாள்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. எழுத்தெல்லாம் பெரிது பெரிதாகத் தெரிகிறது. கார்டுக்கான டிரைவர் சாஃப்ட்வேர் போட்டால் சரியாகுமாம், அதற்கு உள்ளே போக வேண்டும். திரையில் உன் பெயர் வந்து, கீழே பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு நிற்கிறது. போனில் கேட்டால் சொல்லிவிடுவாய், தெரியும். நான் கேட்கவில்லை. நீ வந்து போட்டுக்கொள். டிரங்குப் பெட்டியில் இருந்ததையும் மானிட்டர் பக்கத்தில் எடுத்து வைத்திருக்கிறேன்.

அப்பா