மேஸ்திரிக்கு ஒரு பதில்

அன்புள்ள மேஸ்திரிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதங்களுக்கெல்லாம் சேர்த்து இது பதில். முட்டிவலி எந்த மட்டில் இருக்கிறது? படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகும் பாலத்தின் உச்சியில் நின்று படம் எடுத்து அனுப்பியிருக்கிறாய். நம் நண்பன் 'தாத்தா' அதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுத் திட்டினான், ஏதோ நான்தான் உன்னை ஏற்றிவிட்டேன் என்பதுபோல. அவன் மாறவே மாட்டான்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஓய்வு பெறும்வரை மிச்சமிருக்கும் வருடங்களை ஒரே ஒரு கேள்விக்குக் கொடுக்கப் போகிறேன்: ஒரு செல், தான் வளர்ந்த தரையின் விறைப்பை நினைவில் வைத்திருக்கிறதா? "இந்த வயதில் மறுபடியும் ஜெல் ஊற்றப் போகிறாயா?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஆமாம், ஊற்றத்தான் போகிறேன். ஏன் என்று உனக்காவது புரிய வேண்டும்.

"உயிருள்ள சங்கதிக்கு ஏதடி விசைக் கணக்கு, அதெல்லாம் பொறியாளர்கள் எங்கள் இலாகா" என்று விடுதியில் சீண்டுவாயே, நினைவிருக்கிறதா? 1980-இல் ஆல்பர்ட் ஹாரிஸும் அவருடன் வேலை செய்தவர்களும் மிக மெல்லிய சிலிக்கோன் ரப்பர் படலத்தின் மேல் உயிருள்ள செல்களை ஊரவிட்டார்கள். செல் ஊர்ந்த இடத்தில் படலம் மடிப்பு மடிப்பாகச் சுருங்கியது. தனி ஒரு செல், தான் நிற்கும் தரையையே இழுக்கிறது! அந்தப் படத்தைப் பார்த்த அன்றே நான் எந்தப் பக்கம் போவது என்று முடிவாகிவிட்டது.

அதற்குப் பிறகு வந்தவர்கள் ரப்பரை விட்டு ஜெல்லுக்கு மாறினார்கள். அக்ரிலமைடும், இழைகளைக் குறுக்கே பிணைக்கும் பொருளும் என்ன விகிதத்தில் கலக்கிறோமோ அதற்கேற்ப ஜெல்லின் விறைப்பு மாறும். மேலே பூசும் கொலாஜன் என்ற புரதம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஆக, செல் தொடுவது ஒரே பொருள், அடியில் இருக்கும் விறைப்பு மட்டும் வேறு. இதை வைத்து 2006-இல் ஆடம் எங்லரும் டென்னிஸ் டிஷரும் செய்த வேலையை உனக்கு முன்பே எழுதியிருக்கிறேன். ஒரே வகை ஸ்டெம் செல் (பல வகைத் திசுவாக மாறக்கூடியது), மூளையைப் போல ஒரு கிலோபாஸ்கலுக்கும் (விறைப்பை அளக்கும் அலகு) குறைவான ஜெல்லில் நரம்பின் சாயல் காட்டியது. 10 கிலோபாஸ்கல் அளவில் தசையின் பக்கம் போனது. 25 முதல் 40 வரை உள்ள விறைப்பில் எலும்பின் பக்கம் சாய்ந்தது. அப்போது நீ நம்பவில்லை.

தரையின் விறைப்பு செல்லுக்கு எப்படித் தெரிகிறது? இருட்டில் நடப்பவர் காலை ஊன்றிப் பார்ப்பதுபோல, இழுத்துப் பார்த்துத்தான். செல்லுக்குள் மயோசின் என்ற புரதம் இழுக்க, ஆக்டின் என்ற புரத இழை விறைக்க, அந்த இழைக்கும் வெளித்தரைக்கும் நடுவே டாலின் என்ற புரதம் மாட்டிக்கொண்டு நிற்கிறது. சுமார் 5 பிக்கோநியூட்டன் விசையில் அதன் ஒரு மடிப்பு பிரிந்துகொள்ளும். ஒரு பிக்கோநியூட்டன் என்றால் நியூட்டனில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு! மடிப்பு பிரிந்ததும் அதுவரை மறைந்திருந்த இடத்தில் வின்குலின் என்ற இன்னொரு புரதம் வந்து ஒட்டிப் பிடிப்பை உறுதியாக்கும். தரை குழைந்துகொடுத்தால் அந்த அளவுக்கு இழுவிசை ஏறுவதற்குள் பிடி நழுவிவிடும்.

இப்போது என் மேசைக்கு வா. ஜெல்லுக்குள் ஒளிரும் நுண்மணிகளைப் புதைத்து வைக்கிறோம். செல் மேலே உட்கார்ந்து இழுக்கும்போது ஒரு படம் எடுத்துக்கொண்டு, பிறகு செல்லின் பிடிப்பை அறுக்கும் டிரிப்சின் என்ற நொதியை விடுகிறோம். செல்லின் ஓரங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று, அது உருண்டு திரண்டு மேலே மிதக்கிறது. அடியில் நெருக்கியடித்துக் கிடந்த மணிகள் மெல்ல நகர்ந்து பழைய இடத்துக்குப் போகின்றன. எந்த மணி எவ்வளவு நகர்ந்தது என்பதிலிருந்து செல் எந்த இடத்தில் எவ்வளவு இழுத்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். எத்தனை முறை பார்த்தாலும் அந்த நகர்வில் எனக்கு மூச்சு நின்றுபோகிறது.

என் மாணவி ஒருத்தி (அழுத்தக்காரி, உனக்கு அவளைப் பிடிக்கும்) போன மாதம் இதில் ஒன்றைக் காட்டினாள். பிளாஸ்டிக் தட்டில் நெடுநாள் வளர்ந்த செல்களை மெத்தென்ற ஜெல்லுக்கு மாற்றிய பிறகும் அவை பழைய பலத்தோடே இழுத்துக்கொண்டிருந்தன. தட்டில் கொஞ்ச நாளே இருந்தவை மட்டும் தளர்ந்து கொடுத்தன. இன்னும் பல தடவை சரிபார்க்க வேண்டும். ஆனால் இது ஆகாயத்திலிருந்து விழுந்ததில்லை. 2014-இல் கிறிஸ்டி ஆன்செத்தின் ஆய்வுக்குழு ஸ்டெம் செல்களில் இதைப் பார்த்திருக்கிறது. விறைப்பான தரையில் விழித்துக்கொள்ளும் யாப் என்ற புரதம் உட்கருவுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. சில நாளில் மென்மையான தரைக்கு மாற்றினால் உட்கருவை விட்டு இறங்கி வருகிறது. 10 நாள் தட்டில் இருந்துவிட்டாலோ மென்மையான தரைக்கு வந்த பின்னும் இறங்க மாட்டேன் என்கிறது.

இது ஏன் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது தெரியுமா? ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலான செல்கள் வளர்வது பிளாஸ்டிக் தட்டில்தான். அதன் விறைப்பு கிகாபாஸ்கல் கணக்கு, ஒரு கிகாபாஸ்கல் என்றால் பத்து லட்சம் கிலோபாஸ்கல். உடம்பின் பெரும்பாலான மென்திசுக்களில் அதன் கிட்டே வரும் விறைப்பு கிடையாது. நோயாளிக்குள் செலுத்தும் ஸ்டெம் செல்களையும் அப்படித்தான் பெருக்குகிறோம். அவை என்ன நினைவோடு உள்ளே போகின்றன? நுரையீரல் தழும்பேறிப் போவதையும் எடுத்துக்கொள். திசு விறைக்கிறது, அதனால் செல் பலமாக இழுக்கிறது, இழுப்பதால் திசு இன்னும் விறைக்கிறது. அந்தச் சுழலில் நாம் திசுவை இளக்கிவிட்டாலும், செல் பழையதை மறக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்குமே. உன் அண்ணனைப் பார்க்க நாம் இருவரும் போன அந்த மாலைக்குப் பிறகு எனக்கு இது வெறும் ஆய்வுக் கேள்வியாக இல்லை. இதை உன்னிடம் நேரில் சொல்லத் தைரியம் வந்ததில்லை.

நிதி கேட்டு எழுதினால் "எந்த மருந்து, எத்தனை வருடத்தில்?" என்கிறார்கள். எரிச்சலாக வருகிறது. தொடுதலை உணரும் பியசோ என்ற புரதத்தை எப்படிப் பிடித்தார்கள்? பெர்ட்ரான் கோஸ்டே ஒரு செல்லைக் கண்ணாடி ஊசியால் குத்துவார், மின்னோட்டம் வரும். 72 மரபணுக்களைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக அடக்கி அடக்கிக் குத்திப் பார்த்தார்கள். பட்டியலின் கடைசி மரபணுவில்தான் மின்னோட்டம் நின்றது. 2010-இல் கட்டுரை வந்தது, 2021-இல் அந்த ஆய்வுக்குழுவின் தலைவர் ஆர்டெம் படபூட்டியனுக்கு நோபல் கிடைத்தது. அந்தப் பட்டியலின் நடுவில் யாராவது வந்து மருந்து எங்கே என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கோப்புகளில் கையெழுத்துப் போட நல்லவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்ட ஆள் குறைவு.

உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. கான்கிரீட்டின் மேல் பல வருடம் பாரம் இருந்து, பிறகு அதை எடுத்தால் கொஞ்சம் உடனே மீளும், கொஞ்சம் மெதுவாக மீளும், மிச்சம் மீளவே மீளாது என்று ஒருமுறை சொன்னாய். இந்த மூன்றையும் நீங்கள் எப்படிப் பிரித்து அளக்கிறீர்கள்? எங்கள் செல்லில் மீளாதது எலும்புக்கூடு போன்ற அந்த ஆக்டின் கட்டமைப்பா, அல்லது உட்கருவில் மரபணுக்கள் திறந்து மூடும் விதமே மாறிவிட்டதா என்று பிரிக்க வேண்டும். பாரம் எடுத்த பிறகு எந்தெந்த நேரத்தில் அளக்க வேண்டும், சூத்திரம் எது என்று கையால் எழுதி அனுப்பு. பழுத்த பொறியாளர் பாணியில் பாதியை விழுங்கிவிடாதே. மாணவிக்கும் படித்துக் காட்டப் போகிறேன். அடுத்த ஜெல் வரிசையை உன் பதில் வந்த பிறகுதான் தொடங்குவோம்.

தாத்தாவிடம் பதவி விஷயத்தை நீயே சொல்லிவிடு. என்னால் அவனிடம் பேச்சு வாங்க முடியாது.

என்றும் உன்,
ஜெல்லி