அக்காவுக்கு, ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால்

அக்கா,

வருகிற ஞாயிறு பிள்ளைக்கு ஞானஸ்நானம். என் மாமியார் வீட்டு லுத்தரன் சபையில். போனில் சொன்னால் நீ மாற்கு 16:16, "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான்" என்ற வசனத்தைச் சொல்வாய், நான் அழுதுவிடுவேன். ஊர்க்காரர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் உன் சபையின் பெயரை எழுதவில்லை.

நம் குடும்பத்துத் தென்னிந்தியத் திருச்சபையை, சி.எஸ்.ஐ.யை விட்டுப் போவது எனக்கு லேசாக இல்லை. 1947-ல் ஆங்கிலிகன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் எல்லாரும் ஒன்றாகி சி.எஸ்.ஐ. ஆனபோது லுத்தரன்கள் சேரவில்லை. திருவிருந்து அப்பத்தில் கிறிஸ்துவின் சரீரம் மெய்யாகவே இருக்கிறது என்பதில் அவர்கள் இன்றும் விட்டுக்கொடுப்பதில்லை. நாம் அதை அவரவர் மனசுக்கு விட்டுவிடுகிறோம். குழந்தை ஞானஸ்நானம் இரண்டிலும் உண்டு. உன் சபையில்தான் சுயமாக விசுவாசித்து, முழுக்கு எடுக்க வேண்டும்.

இதையெல்லாம் ஒரு வருஷம் படித்தேன். ஆனால் முடிவு அந்த ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஆகிவிட்டது. ஒன்றரைக் கிலோகூட இல்லை அவன். மூக்கில் குழாய், என் சுண்டுவிரல் அளவுக்கு உள்ளங்கால். நீ வராந்தாவில் சுவரில் நெற்றியை வைத்து ஆவியில் நிறைந்து, யாருக்கும் புரியாத அந்நியபாஷையில் ஜெபித்தாய். நர்ஸ்மார் திரும்பிப் பார்த்தார்கள். "சத்தம் போடாதே, மானம் போகுது" என்று உன் தோளைப் பிடித்துத் தள்ளினேன். நீ நிறுத்திவிட்டு, என் காலுக்கு சாக்ஸ் மாட்டிவிட்டாய். உன்னைத் தள்ளியதற்கு நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிறேன் அக்கா. நான் பிரசவித்து மூன்றாம் நாள், தூங்கவே இல்லை, அதையும் நீ நினைக்க வேண்டும்.

ஆனால் அன்று ராத்திரி உங்கள் பாஸ்டர் போனில் "வீட்டில் விசுவாசக் குறைவு" என்றபோது நீ மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று மாமியார் டம்ளரில் தண்ணீரோடு நின்றார். உனக்குப் பயந்து வேண்டாம் என்றேன். அவன் அன்றைக்குப் போயிருந்தால் உன்னை மன்னித்திருப்பேனா, தெரியாது.

எந்த விசுவாசத்தை அக்கா அவன் காட்டுவான்? அவனால் மூச்சே விட முடியவில்லை. மார்ட்டின் லுத்தர் எழுதிய ஞானோபதேசப் புத்தகத்தில், தண்ணீரோடு இருக்கிற தேவ வார்த்தையே ஞானஸ்நானத்தில் கிரியை செய்கிறது என்று வாசித்தபோது அந்தப் பெட்டிதான் கண்ணில் நின்றது. செய்கிறவர் தேவன். சி.எஸ்.ஐ.யில் இது இல்லை என்று சொல்லவில்லை. நான் அங்கே கேட்டதில்லை.

ஞானத்தாயாக உன்னைக் கேட்டால் மறுப்பாய். வேறொருவர் பெயரைக் கொடுத்துவிட்டேன். எட்டரைக்கு ஆராதனை. நீ பின்னிக் கொடுத்த தொப்பியைத்தான் போடுகிறேன். போதகர் தண்ணீர் ஊற்றும்போது அதைக் கழற்றி யார் கையிலாவது கொடுக்க வேண்டும். வா.